உணவு உண்டார் என்று நான் எழுதிய குறிப்புகள்

என் கையெழுத்தைப் பற்றியோ என் நோட்டுகளைப் பற்றியோ அதுவரை எவரும் குறை சொன்னதில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில், அயனம்பாக்கம் ஏரிக்கு அருகில் இருந்த ஒரு முதியோர் இல்லத்தில் நான் மேற்பார்வையாளராகப் பணியாற்றினேன். வரலாற்றில் பட்டம் பெற்றிருந்தேன். நான் எழுதியதை மற்றவர்கள் மறுபேச்சின்றி ஏற்பதே எனக்குப் பழக்கமாகியிருந்தது.

இல்லத்தில் பதினெட்டு முதிய பெண்கள் இருந்தார்கள். கட்டில் எண்படி ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டு. உணவு, உறக்கம், மலஜலம், நடமாட்டம் ஆகியவற்றை அன்றாடம் அதில் எழுதுவது என் பொறுப்பு. புதன்கிழமைதோறும் அம்பத்தூரிலிருந்து வரும் மருத்துவர் நோட்டைப் படித்த பிறகே ஆளைப் பார்ப்பார். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை நிர்வாகக் குழுவின் செயலாளர் எல்லாவற்றையும் புரட்டிப் பார்ப்பார்.

அவர்கள் உண்பதை நான் பார்த்ததில்லை. உண்பவரின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பது எங்கள் குடும்பத்தில் அநாகரிகம். கண் படும் என்பார்கள். கண்ணேற்றில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆயினும் வயதானவர்கள் சோற்றைப் பிசையும்போது எதிரில் நிற்க என் மனம் ஒப்பவில்லை. பந்தி முடிந்ததும் ஆயா என் அறை வாசலில் நின்று, "ஒண்ணாம் நம்பரு சாப்ட்டாங்க, ரெண்டாம் நம்பரு சாப்ட்டாங்க" என்று ஒப்பிப்பாள். நான் 'உணவு உண்டார்' என்று எழுதுவேன். பிறகு கொல்லைப்புறம் சென்று தட்டுகளைப் பார்ப்பேன். எல்லாம் காலியாக இருக்கும்.

நான்காம் கட்டில் மூதாட்டியின் கண்ணாடி வளையல் முழங்கைவரை ஏறி இறங்குவதை ஒருநாள் கவனித்தேன். ரவிக்கை தோளில் நிற்கவில்லை. அவருடைய நோட்டை எடுத்தேன். ஒன்றரை மாதமாக ஒரே வரி: உணவு உண்டார். உண்டவர் எப்படி இளைத்தார்?

என் ஐயம் ஆயாவின்மேல் விழுந்தது. கள்ளிக்குப்பத்திலிருந்து நான்கு ஆண்டுகளாக வருபவள். மாலையில் வீடு திரும்பும்போது மூடியின்மேல் துணி கட்டிய பெரிய தூக்குவாளி ஒன்று அவள் கையில் இருக்கும். முன்பு ஒருமுறை கேட்டதற்கு, "கழனித் தண்ணிம்மா, ஊட்ல எருமை கீது" என்றாள். அன்று நம்பினேன். இப்போது அந்தத் தூக்கின் மூடி ஏன் அவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்று யோசிக்கலானேன். அன்று மாலையே நான்காம் நோட்டில் எழுதினேன்: 'இவரது உணவை ஆயா தன் வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார்.'

மை உலர்வதற்குள் என் தவறு எனக்கே தெரிந்தது. அதற்கு மேலே, அதே கையெழுத்தில், ஒன்றரை மாத வரிகள் நின்றன. ஆயா திருடி என்றால் அவற்றை எழுதிய நான் பொய்க்காரி. செயலாளர் வருவதற்கு ஐந்து நாட்கள் இருந்தன. எல்லாவற்றையும் மாற்றி எழுதிவிடலாம் என்று ஒரு புது நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தேன் என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

மறுநாள் வாசற்கதவருகே ஆயாவை நிறுத்தினேன்.

"தூக்கைத் திற."

"இன்னாம்மா இது? நாலு வருசமா வந்துகினு போய்கினு கீறேன். இன்னிக்குத்தான் திருடி மாறித் தெரியறனா?"

"திற என்றேன்."

"தொறக்கறேன், நல்லாப் பாத்துக்கோ. பதினெட்டுக் கட்டிலும் உள்ளதான் கீது. எண்ணிக்கோ."

மேலே கலங்கிய கழுநீர். அவள் கையை விட்டு அடியிலிருந்து அள்ளிக் காட்டினாள். குழம்பு கலந்த சோறு, மென்று துப்பிய உருண்டைகளாக இருந்தது.

"இது யாருடையது?"

"நாலாம் நம்பரு கெய்வியோடது. மென்னு மென்னு துப்புது. முழுங்க மாட்டேங்குது."

"அதை ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"சொன்னேனே! ஆடி மாசம் வந்து, சாப்புடலன்னு சொன்னேன். நீங்க இன்னா சொன்னீங்கோ? சாப்பிட வைக்கத்தானே உன்ன வச்சிருக்குன்னு அத்தினி பேரு எதிர்ல கத்துனீங்கோ. அன்னிலேர்ந்து எல்லாரும் சாப்ட்டாங்க."

அப்படிச் சொன்னது எனக்கு நினைவிருந்தது. ஆனால் பழியை என் பக்கம் திருப்பிவிடும் சாமர்த்தியக்காரி என்றே அப்போதும் எண்ணினேன். நேரே நான்காம் கட்டிலுக்குப் போனேன்.

அந்த அம்மாள் தெற்கத்திப் பக்கம். மகனுக்கு ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை; குவார்ட்டர்ஸில் குடியிருப்பு. எங்கள் இல்லத்தில் ஒரு விதி இருந்தது. தன் கையால் உண்டு, தானே நடமாடக்கூடியவர்களுக்கு மட்டுமே இடம். முடியாதவர்களை அழைத்துப் போகும்படி வீட்டுக்குக் கடிதம் எழுதிவிடுவார்கள்.

"எழுதிப்புடாதீக தாயி," என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "சாப்பிடலன்னு எழுதுனா என்னைய அங்கிட்டு அனுப்பிருவாக. அங்க ஒத்த ரூம்பு. மருமக அடுப்பு மூட்டணும்னா நான் எந்திரிச்சு வெளிய நிக்கணும்."

"ஆயா உங்கள் சோற்றை எடுத்தாளா?"

"அவ எடுக்கலைன்னா நான் எங்க கொட்டுறது? சன்னல் வழியாப் போட்டா காக்கா வந்து காட்டிக்குடுத்துராது? நாந்தேன் அவ காலப் புடிச்சேன்."

இருவரும் சொன்னது ஒத்திருந்தது. அதுவே எனக்குப் பிடிபடாமல் உறுத்தியது. பேசி வைத்துக்கொண்டு சொல்கிறார்களோ? யார் சொல்லையும் நம்பி எழுதுவதில்லை என்று முடிவு செய்தேன். மறுநாள் மதியம், என் வழக்கத்துக்கு மாறாக, ஒரு முக்காலியைப் போட்டு அந்த அம்மாளுக்கு எதிரில் உட்கார்ந்தேன். அவர் வெட்கப்பட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. எழுந்திருக்கவில்லை.

அறைக்குத் திரும்பியதும் எழுதத் தொடங்கினேன். 'சரியாக உண்பதில்லை' என்று எழுதுவது எளிது. அந்த இரண்டு சொற்களே அவரை ஆவடிக்கு அனுப்பப் போதும். அப்படி எழுதினால் நான் பார்த்ததை எழுதியதும் ஆகாது. ஆகவே பார்த்ததை மட்டும் எழுதினேன்:

'மதியம் பருப்புச் சோறு. தம் கையாலேயே பிசைந்து மூன்று கவளம் விழுங்கினார். நான்காவதில் வலது கன்னத்தைப் பிடித்துக்கொண்டார், கண்ணில் நீர் வந்தது, துப்பிவிட்டார். பிறகு கஞ்சி கொடுத்தோம். தலையை இடப்பக்கம் சாய்த்து, டம்ளரைத் தாமே பிடித்து, இரண்டு டம்ளர் குடித்தார். பசி இருக்கிறது. நேரில் பார்த்தேன்.'

ஆயாவைப் பற்றிய வரியை, படிக்க முடியும்படி ஒற்றைக் கோட்டால் அடித்தேன். அதன் கீழ், 'இதற்கு முந்தைய உணவுக் குறிப்புகள் நான் நேரில் பார்த்து எழுதியவை அல்ல' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அந்த ஒரு வரியை எழுத எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. புது நோட்டை அலமாரியில் திரும்ப வைத்தேன்.

புதன்கிழமை மருத்துவர் படித்தார். வேறெதையும் பார்க்காமல் வலது கன்னத்துக்குள் டார்ச் அடித்தார். கடைவாய்ப் பல் உடைந்து வேர் மட்டும் நின்றது, ஈறில் சீழ். அம்பத்தூருக்கு அழைத்துப் போய்ப் பிடுங்கினார்கள். "இதைப் போன மாதமே எழுதியிருந்தால்..." என்று தொடங்கிய மருத்துவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அந்த வாக்கியத்தை முடிக்க நான் அவருக்கு உதவவில்லை.

வெள்ளிக்கிழமை செயலாளர் வந்தார். 'தாமே பிடித்து' என்ற இடத்தில் விரலை வைத்தார். "தம் கையால்தானே குடித்திருக்கிறார்? விதி அதைத்தான் கேட்கிறது. இருக்கட்டும்" என்றார். பிறகு அவர் விரல், நான் அடித்திருந்த வரிக்கு நகர்ந்தது.

"இது என்ன?"

"என் சந்தேகம். நான் பார்த்தது அல்ல."

அவர் மற்றப் பதினேழு நோட்டுகளையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, அன்று முதன்முறையாக ஒவ்வொரு வரியாகப் படித்தார். அந்த ஒரு மணி நேரமும் நான் நின்றுகொண்டே இருந்தேன்.

அந்த அம்மாள் இல்லத்திலேயே தங்கினார். ஆயாவையும் யாரும் நிறுத்தவில்லை. ஆனால் மறுநாள் மதியம் வாசலில் வந்து நின்றவள் வழக்கம்போல் ஒப்பிக்கவில்லை. அன்று பந்தியை நானே சுற்றிப் பார்த்து எழுதியிருந்தேன்; சரிபார்க்க அவள் சொல்லும் வேண்டியிருந்தது.

"சொல்."

"நான் இன்னாத்துக்குச் சொல்லணும்? தூக்கத் தொறந்து பாத்தவங்க தட்டையும் வந்து பாத்துக்கலாம். மொதல்ல நீங்க எழுதினதப் படிச்சிக் காட்டுங்கோ. எம் பேரு எங்கனா கீதான்னு எனக்குத் தெரியணும்."

அதுவரை எந்த ஆயாவும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. வெளியே போ என்று வாய்வரை வந்தது. அவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேறு வழியின்றி முதல் நோட்டிலிருந்து உரக்கப் படித்தேன். பதினொன்றாம் நோட்டில் 'மோர் குடித்தார்' என்று படித்ததும் அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"அது பொய்ம்மா. அந்தம்மா மோரத் தொடவே இல்ல. உங்க முதுகுக்குப் பின்னாடி பக்கத்துக் கட்டிலுக்குத் தள்ளி வுட்டாங்க."

அவள் என்னைச் சோதிக்கிறாளா, உண்மையைத்தான் சொல்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. எழுந்து பதினொன்றாம் கட்டிலுக்குப் போனேன். அவளும் என் பின்னாலேயே வந்தாள்.