இடது கைக்கு இல்லை

இந்த ஊரில் குளித்துவிட்டுத் துண்டை எடுப்பதற்குள் உடம்பு காய்ந்துவிடுகிறது. ரங்கூனிலிருந்து வந்து திசைக்கொருவராகச் சிதறிக் கிடக்கும் நம்மவர்களில் எத்தனை பேர் இதைக் கவனித்தீர்களோ, எனக்குத் தெரியாது. சேலத்துத் தை மாதக் காற்றில் முழங்கையில் நகத்தால் ஒரு கோடு இழுத்தால் சிலேட்டில் எழுதியதுபோல வெள்ளையாக நிற்கிறது. முதல் வாரம் வேடிக்கையாக இருந்தது. அடுத்த வாரம் உதடு வெடித்தது, அதற்கடுத்த வாரம் குதிகால். ரங்கூனில் வருஷத்தில் பாதி நாள் கொடியில் போட்ட துணியே காயாது, தோல் எங்கே காயப்போகிறது? பக்கத்து வீட்டுப் பர்மியப் பெண் தனாக்காக் கட்டையைச் சந்தனம்போல இழைத்துத் தன் கன்னத்தில் பூசும்போது என் கன்னத்திலும் பூசிவிடுவாள். கோபம் வந்தால் அவளே என்னைக் ‘கலா’ என்று ஏசுவாள். வெளியிலிருந்து வந்தவள் என்று அர்த்தம். நான் பிறந்ததே அந்தத் தெருவில்தான். இங்கேயோ, வாழப்பாடியில் அப்பாவின் சொந்தக்காரர்கள் “சொந்த ஊருக்கே வந்துட்ட, அப்புறம் என்ன?” என்கிறார்கள். அடுத்த மூச்சிலேயே “அந்தப் பர்மாக்காரிக்குக் காப்பித்தண்ணி குடு” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுக்கிறார்கள். சொந்த ஊராம்!

ரங்கூன் ஆஸ்பத்திரி ஒன்றில் காயத்துக்குக் கட்டுப் போடப் பழகியிருந்தேன். அந்தப் புண்ணியத்தில் சேலத்தை அடுத்த வெள்ளைக்கல் குவாரியின் டிஸ்பென்சரியில் வேலை கிடைத்தது. அங்கே பெண்கள் நாள் முழுக்கக் குந்தியிருந்து சுத்தியலால் கல்லைத் தட்டி, அழுக்கை நீக்கித் தரம் பிரிப்பார்கள். அந்தத் தூள் கையிலுள்ள ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடும். கோடையில் வற்றிப்போன பனமரத்துப்பட்டி ஏரியின் தரையைப் பார்த்தவர்களுக்கு அவர்கள் உள்ளங்கை எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. புளி கரைத்தால் வெடிப்பு எரிந்து கண்ணில் தண்ணீர் வரும்.

அந்த வருஷம் சென்னையில் லோஷன் செய்கிற ஒரு கம்பெனி எங்கள் டாக்டருக்கு ஒரு பெட்டி அனுப்பியது. பன்னீர் வாசம் அடிக்கும் கிளிசரின் லோஷன். பன்னிரண்டு பெண்களுக்கு நான்கு வாரம் வலது கையில் மட்டும் தடவ வேண்டும், இடது கையைச் சும்மா விடவேண்டும், இரண்டிலும் எண்ணெய் படவே கூடாது. வலது கை ஆறி இடது கை ஆறாமல் இருந்தால் லோஷன் நல்லது என்று அர்த்தம். அப்படித் தேறினால் குவாரிப் பெண்கள் எல்லோருக்கும் மாதம் ஒரு பாட்டில் தருவதாக நிர்வாகம் ஒப்புக்கொண்டிருந்தது. டாக்டர் இதைச் சொன்னபோது நானும் தலையை ஆட்டினேன். முறை சரிதான், இன்றைக்கும் சரி என்றுதான் சொல்வேன். ஆனால் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது டாக்டர் அல்ல, நான்.

பாவாயி என்று ஒருத்தி, கைக்குழந்தைக்காரி. முதல் நாள் வலது கைக்குத் தடவி முடித்ததும் இடது கையை நீட்டினாள்.

“ஏனுங்கம்மிணி, இந்தக் கைக்கு?”

“அதுக்கு இல்லைம்மா.”

“தீந்து போச்சுங்களா? செரி, நாளைக்கு வாரேனுங்க.”

மறுநாள் வந்தவள் இடது கையை முதலில் நீட்டினாள். ‘இல்லை’ என்றால் ‘கிடையாது’ என்று அவளுக்குப் புரியவைக்க எனக்கு மூன்று நாள் ஆனது. புரிந்ததும் அவள் கேட்டாள்: “இந்தக் கையும் நானுதானுங்களே?” எண்ணெய் படக்கூடாது என்பதால் தன் குழந்தைக்குக்கூட அவள் எண்ணெய் தேய்த்துவிடவில்லை, நாத்தனார்தான் தேய்த்தாள். இதையெல்லாம் எழுத டாக்டரின் நோட்டுப் புத்தகத்தில் கட்டம் கிடையாது.

இரண்டாம் வாரம் கல் தட்டும் கொட்டகைக்குப் பின்னால் போனபோது பார்த்தேன். பன்னிரண்டு பேரும் வரிசையாக நின்று, ஈரம் காய்வதற்குள் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். பாவாயி என்னைக் கண்டு திகைத்தாள். “ஒரு கைக்கு மட்டும் போட மனசு வல்லீங்க, சாமி” என்றாள். நான் பார்க்காதவள்போல் திரும்பி வந்துவிட்டேன். அன்றே டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பெரிய தர்மம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு! என் மேல் எனக்கு இன்னும் ஆறாத கோபம் அதுதான்.

நான்கு வாரம் முடிந்து டாக்டர் கைகளைப் பார்த்தார். இரண்டும் ஒன்றுபோல ஆறியிருந்தன. “பாத்தியா? தடவாத கையும் ஆறிடுச்சு. காத்து மாறிச்சு, தானா ஆறிடுச்சு. இந்த லோஷனால ஒரு பிரயோஜனமும் இல்ல” என்று பேனாவைத் திறந்தார். பெண்களுக்குக் கிடைக்க இருந்த பாட்டில்கள் என் கண்ணெதிரே போயின. அப்போதுதான் வாயைத் திறந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. “எந்த ஊருக்கு விசுவாசமா இருக்கணும்னு உங்க ஆளுங்களுக்குத் தெரியாது. பர்மாக்காரிய வேலைக்கு வச்சேன் பாரு, என்னைச் சொல்லணும்.”

பெட்டியில் ஒரு பாட்டில் மிச்சம் இருந்தது. “என் கையில சோதிச்சுப் பாருங்க” என்றேன்.

“உன் கையா? அது கல்லையே தொட்டதில்லையே.”

“தொடறேன். வெடிக்காம இந்த லோஷன் காப்பாத்துதான்னு பாருங்க.”

அவர் ஏளனமாகச் சிரித்தார், ஆனால் மறுக்கவில்லை. நான்கு வாரம் டிஸ்பென்சரி வேலை போக மிச்ச நேரமெல்லாம் பெண்களோடு குந்தியிருந்து கல் தட்டினேன். கைக்குக் கை மாற்றித் தட்டச் சொல்லிக்கொடுத்தாள் பாவாயி. வலது கைக்கு லோஷன், இடது கைக்கு ஒன்றும் இல்லை. எண்ணெயும் தொடவில்லை, உள்ளங்கைகளைச் சேர்க்கவும் இல்லை. பத்தாம் நாள் இடது கட்டைவிரல் பிளந்தது. பாவாயி அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இப்பத்தானுங்க இது நம்மூருக் கை” என்றாள். அவள் பாசமாகத்தான் சொன்னாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. நம்மூர்க்காரி ஆக இதுதான் விலை என்றால், வலது கை யாருடையது? கல் தட்டியும் ஒரு கீறலில்லாமல் அது ரங்கூனிலிருந்து வந்தபடியே இருந்தது.

டாக்டர் இரண்டு கைகளையும் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார், பூதக்கண்ணாடியாலும் பார்த்தார். கடைசியில் ‘நல்ல லோஷன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். அடுத்த மாதத்திலிருந்து பாட்டில் வாங்க வேண்டியவர்களின் பட்டியலையும் அவரே எழுதினார். குவாரிப் பெண்கள் அத்தனை பேரும் அதில் இருந்தார்கள். நான் குவாரிக்காரி இல்லை என்பதால் என் பெயர் இல்லை. தாளை நீட்டிவிட்டு அவர் என்னைப் பார்த்தார்.

“ஒரு நன்றி சொல்லக்கூட உங்க பர்மாவுல பழக்கமில்லையா?”

சூடாக நாலு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. பட்டியல் இன்னும் அவர் விரலிடுக்கில் இருந்தது. நான் இரண்டு கைகளையும் கூப்பினேன். இடது கையின் வெடிப்பு வலது கையை அறுத்தது.