எலிகள் எண்ணித் தட்டுவதில்லை

காலைச் செய்தித்தாளை மடித்து வைத்தபோது தொலைபேசி ஒலித்தது. அழைத்தவர் சிவஞானம். திருக்காட்டுப்பள்ளிக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில் பெரிய வீட்டுக்காரர். தையல்நாயகி அம்மையாரின் பெரியப்பா மகன்.

"ஐயா, நம்ம தையலு தவறிடுச்சுங்க. நேத்து சாயங்காலம் நெஞ்சு வலிக்குதுன்னுச்சு. தஞ்சாவூர் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு."

நான் வாய் திறப்பதற்குள் அடுத்த பேச்சு வந்துவிட்டது. "பதினாறாம் நாள் படத்திறப்பு வச்சிடலாம்னு இருக்கோம். நீங்கதான் வந்து பேசணும், வேற யாரு இருக்கா? ஒண்ணே ஒண்ணுங்க. அந்தப் புத்தகத்தப் பத்தி மட்டும் வேண்டாம். எப்பவோ நடந்தது. எங்க அப்பாவும் இப்ப இல்ல. நாலு பேரு வர்ற எடம்."

உடல் இன்னும் வீட்டில் கிடக்கிறது. அதற்குள் அந்த வாயை இரண்டாம் முறையாக மூடும் வேலை தொடங்கிவிட்டது. "வருகிறேன்" என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

தையல்நாயகி அம்மையாரை அறிந்தவர்களே, உங்களில் பலர் அவர் கையால் உண்டவர்கள். ஊர்ப் பள்ளியின் சத்துணவு அமைப்பாளராக வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவர் அவர். "சாப்பிட்ட பிள்ளைங்கள எண்ணாதீங்க, சாப்பிடாம ஒதுங்கி நிக்கிறது யாருன்னு பாருங்க" என்று சமையல் உதவியாளரிடம் அவர் ஓயாமல் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அவர் வீட்டுக்குச் சென்றவர்கள் மற்றொன்றையும் பார்த்திருப்பீர்கள். எந்த அறைக்கும் வெளிப்பக்கத்தில் தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே இருப்பவர் பூட்டிக்கொள்ளலாம். வெளியே இருப்பவர் எவரையும் பூட்ட இயலாது.

பள்ளியின் பண்டக அறையிலும் அப்படியே செய்தார். பாடம் ஒப்பிக்காத ஒரு சிறுமியை அந்த அறையில் தள்ளிப் பூட்டப்போவதாக ஆசிரியர் ஒருவர் இழுத்துக்கொண்டு வந்தார். அம்மையார் அரிசி அளந்துகொண்டிருந்த படியைக் கீழே வைத்துவிட்டுக் கதவருகே போய் நின்றார். "இதுல வெளித்தாழ்ப்பாள் இல்லீங்க சார், கழட்டிட்டேன். பூட்டித்தான் ஆகணும்னா என்னையும் சேத்துப் பூட்டுங்க. எனக்கு உள்ள இருந்து பழக்கம் உண்டு." ஆசிரியர் சிறுமியின் கையை விட்டார். அந்தக் கடைசிச் சொற்களின் பொருள் அன்று எவருக்கும் விளங்கவில்லை. 'ஒரு விரல் இடைவெளி' என்னும் அவரது நூல் வந்த பிறகே விளங்கியது.

நூலைப் படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். படிக்காதவர்கள்தாம் மிகுதி, படித்தவர்களும் படிக்காதவர்களைப் போலவே நடந்துகொண்டோம். பெற்றோரை இழந்து ஆறு வயதில் பெரியப்பா வீட்டுக்கு வந்தார் தையல்நாயகி. பால் சிந்தினால், எதிர்த்து ஒரு சொல் சொன்னால், சில நாள் ஒன்றுமே செய்யாவிட்டாலும், அவரைத் தூக்கிப் பத்தாயத்துக்குள் இறக்கி மேல்மூடியைப் போட்டுவிடுவார் பெரியப்பா. ஆள் உயரத்துக்கும் மேலான மரக்களஞ்சியம் அது. அடியில் நெல் எடுக்க ஒரு சிறு திறப்பும், அதை அடைக்க ஒரு நழுவு பலகையும் உண்டு. நெல் நிறைந்த மாதங்களில் அடி உதை; நெல் தீர்ந்த மாதங்களில் பத்தாயம். "ஊரே அறுவடைக்குக் காத்திருந்தது, சோற்றுக்காக. நானும் காத்திருந்தேன், பத்தாயம் நிறைந்துவிட்டால் என்னைப் போட இடமிருக்காது என்பதற்காக" என்று எழுதினார். சோழநாடு சோறுடைத்து என்று நாம் மேடைதோறும் முழங்கிய அந்த நெல்லுக்கு இப்படியும் ஒருவர் காத்துக் கிடந்திருக்கிறார்.

அந்த வீட்டுக்கு நெல் அவிக்க வந்தவர் அஞ்சலை. அவர் ஒன்றும் பேசவில்லை. பேசும் நிலையிலும் இல்லை. அடிப்பலகையை மூடுவது போல் மூடி, ஒரு விரல் அளவு திறந்து வைத்துவிட்டுப் போவார். அந்த வழியே காற்று வந்தது. "எலி பூந்துடும்டி, ஒழுங்கா சாத்துடி" என்று பெரியப்பா அவரைத் திட்டுவாராம். மறுநாளும் பலகை ஒரு விரல் திறந்தே இருக்குமாம். நூலின் பெயர் அதிலிருந்து வந்தது.

இனி என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நூல் அச்சாகி வந்த வாரம் அம்மையார் தஞ்சையிலுள்ள என் வீட்டுக்கு வந்தார். என் கூட்டங்களுக்கெல்லாம் தவறாமல் வருபவர் என்பதால் நன்கு தெரிந்த முகம். என் தமிழுக்கு மயங்கிய ஒரு சுவைஞர் என்று உள்ளூரப் பெருமை கொண்டிருந்தேன். நூலின் ஒரு படியை என் கையில் கொடுத்தார். ஒரு பக்கத்தின் மூலை மடிக்கப்பட்டிருந்தது.

"மடிச்சிருக்கிற பக்கத்த மட்டும் படிச்சாப் போதும் ஐயா. முழுசும் படிக்க ஒங்களுக்கு நேரமிருக்காது."

படித்தேன். "ஒருநாள், ஊருக்குப் பேச வந்த ஒருவர் எங்கள் வீட்டில் சாப்பிட்டார். நல்ல குரல். இந்தக் குரலுக்கு உரியவர் நல்லவராகத்தான் இருப்பார் என்று எண்ணித் தட்டினேன். என்ன ஒலி என்று கேட்டார். எலி என்றார் பெரியப்பா. எலிக்கும் நம் தமிழ் பிடித்துவிட்டது, தாளம் போடுகிறது என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். அதன் பிறகு நான் எவருக்காகவும் தட்டவில்லை."

அந்தக் குரல் என்னுடையது. நாற்பத்தேழு ஆண்டுகளுக்கு முன், இலக்கிய மன்ற விழாவுக்குப் போன இடத்தில், நடுப்பகல் உணவு அந்த வீட்டில். அன்று மாலை என் தலைப்பு தமிழர் விருந்தோம்பல். வாழையிலை நிறையப் பரிமாறியிருந்தார்கள். பக்கத்து அறையிலிருந்து மூன்று தட்டு, சிறிது அமைதி, மீண்டும் மூன்று தட்டு. எலி ஓடும், சுரண்டும், கொறிக்கும். எண்ணித் தட்டாது. இது அப்போதே எனக்குத் தெரிந்தது. கொல்லை வாசலில் முறத்தோடு நின்ற ஒரு பெண் மட்டும் சிரிக்காமல் தரையைப் பார்த்தார், அதையும் கண்டேன். கண்டும் அடுத்த கறியைக் கேட்டு வாங்கினேன். மாலையில் அந்த வீட்டுத் தலைவருக்குத் 'தமிழ் வள்ளல்' என்று பட்டமும் கொடுத்தேன். அவர் அதைக் கல்லில் வெட்டி வாயில் தூணில் பதித்துக்கொண்டார்.

"அது நான்தான்னு எப்பம்மா தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"பூதலூர் கூட்டத்துல. நீங்களே சொன்னீங்களே அந்த எலிக் கதைய. சனமெல்லாம் கை தட்டுச்சு. நான் பக்கத்துல இருந்த பொம்பள கையப் புடிச்சுக்கிட்டேன்."

ஆம், சொன்னேன். ஒருமுறை சிரிப்பு விளைந்த சொல்லை எந்தப் பேச்சாளன் விடுவான்? ஊர் ஊராக விதைத்தேன்.

"அப்புறமும் என் கூட்டத்துக்கெல்லாம் வந்தியேம்மா?"

"ஒரு தடவையாச்சும் மாத்திச் சொல்லுவீங்களான்னு பாக்க வந்தேன். எனக்குத் தெரிஞ்சு பதினோரு தடவ சொல்லிட்டீங்க. ஒவ்வொரு தடவையும் அந்த எலி கொஞ்சம் பெருசாயிட்டே வருது ஐயா." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு, கேட்க வந்ததைக் கேட்டார். "வெளியீட்டுக்கு நீங்கதான் வரணும். அன்னைக்குக் கேட்ட சத்தம் என்னன்னு அந்த மேடையில சொல்லணும். எனக்கு அது போதும்."

சொல்கிறேன் என்று வாக்களித்தேன்.

திருக்காட்டுப்பள்ளியில் ஒரு திருமண மண்டபத்தில் விழா. முன்வரிசையில் சிவஞானம், அவரருகே ஊர்ப் பெரியவர்கள், சிலர் என் விழாக்களுக்கு நெடுங்காலமாகத் துணை நிற்பவர்கள். முதற்படியைப் பெற ஒரு பெரிய மனிதர் வருவார் என்று எல்லோரும் பார்த்திருக்க, அம்மையார் அஞ்சலையை மேடைக்கு அழைத்தார். எழுத்தறியாத அந்த முதியவர் நூலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றார். அடுத்து என் முறை. எழுந்தேன், முன்வரிசையைப் பார்த்தேன், என் நாக்கு தானாகவே திரும்பிக்கொண்டது. காவிரியைப் பேசினேன், கல்லணையைப் பேசினேன், புறநானூற்றுத் தாயின் வீரம் பேசினேன், பெண்கள் எழுத வந்ததைப் பேசினேன். ஒன்றரை மணி நேரம். பத்தாயம் என்னும் சொல் என் வாயில் வரவில்லை.

ஏற்புரைக்கு அம்மையார் எழுந்தார். "ஐயா ஒன்றரை மணி நேரம் பேசினாங்க. என் புத்தகத்தப் பத்தி வேற ஒரு நாள் பேசுவாங்கன்னு நம்புறேன். வந்தவங்க எல்லாரும் சாப்பிட்டுப் போங்க." அவ்வளவுதான். மக்கள் அதை அடக்கம் என்று எண்ணிக் கை தட்டினார்கள். என் வாழ்நாளில் என்னை அறைந்த கைதட்டல் அது ஒன்றே.

நேரில் சென்று என்னைப் பொறுத்துக்கொள்ளும்படி கேட்க வேண்டும் என்று நினைத்தேன். ஆடிப்பெருக்கு கழியட்டும் என்றேன். நடவு முடியட்டும் என்றேன், ஏதோ நானே நாற்றுப் பறிப்பவன் போல. அவர் குறித்த அந்த 'வேற ஒரு நாள்' அவர் உயிரோடிருக்கையில் வரவில்லை.

படத்திறப்பு, பெரிய வீட்டு வாயிலில் போட்ட பந்தலில் நடந்தது. படத்துக்குச் சம்பங்கி மாலை. எதிரே நான் கொடுத்த பட்டத்தைத் தாங்கிய தூண். ஒலிவாங்கியின் முன் நின்றபோது சிவஞானம் என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். நான் இதைச் சொன்னேன்:

"இந்தப் படத்தில் இருப்பவரை, இவர் குழந்தையாக இருந்தபோது, இந்த வீட்டுப் பத்தாயத்துக்குள் போட்டு மூடினார்கள். மூடியவர் இவ்வீட்டின் தலைவர். ஒருநாள் நடுப்பகலில் நான் இங்கே உண்டுகொண்டிருந்தேன். காப்பாற்றச் சொல்லித் தட்டினார். எலி என்றார்கள். பொய் என்று தெரிந்தே நான் நகைச்சுவை சொன்னேன். அன்று மாலை நான் கொடுத்த பட்டம் அதோ அந்தத் தூணில் இருக்கிறது. கொடுத்தவன் நான். திரும்பப் பெறுகிறேன்."

எவரோ ஒலிவாங்கியின் இணைப்பைத் துண்டித்தார்கள். "ஐயாவுக்கு ஒடம்பு சரியில்ல, ஒக்கார வைங்கப்பா" என்றது ஒரு குரல். ஐம்பதாண்டு ஒலிபெருக்கியை நம்பி வாழ்ந்தவன், அன்று வெறுந்தொண்டையில் நூலின் அந்தப் பக்கத்தைப் படித்து முடித்தேன். நாற்காலிகள் பின்னிருந்து காலியாயின. சிவஞானம் அருகில் வந்து, "சோறு போட்ட வீட்டுக்கு நல்லா செஞ்சீங்க" என்றார். அந்தச் சோற்றுக்குத்தான் இத்தனை ஆண்டு வாய்மூடிக் கிடந்தேன் என்று சொன்னேன். அவர் கேட்க நிற்கவில்லை.

அஞ்சலை மட்டும் எழவில்லை. அவர் அருகில் போய் அமர்ந்தேன். இப்போதாவது சொன்னீர்களே என்பார் என்று எதிர்பார்த்தேன். இந்த வயதிலும் பாராட்டுக்கு ஏங்கும் காது. அவர் கேட்டது வேறு.

"ஐயா, நான் கூலிக்காரி. வாயத் தொறந்தா வேல போயிரும், குடிசையும் போயிரும். அதனால பலகையத் தொறந்து வச்சேன். ஒங்களுக்கு என்னங்க போயிருக்கும்?"

விடை தெரியும். ஒரு வேளை உணவு. ஒரு மாலை. அடுத்த ஆண்டு விழாவுக்கு அழைப்பு. அதை அவர் முகம் பார்த்துச் சொல்லும் துணிவு எனக்கு இல்லை, இங்கே எழுதுகிறேன்.

அம்மையாரிடமிருந்து என்னிடம் எஞ்சியிருப்பது மூலை மடித்த ஒரு நூலும், மிகத் தாமதமாக வந்த ஒரு பழக்கமும். சென்ற வாரம் முத்துப்பேட்டையில், மளிகைக் கடை வைத்திருக்கும் நண்பர் காதர் வீட்டில் உணவுக்கு அமர்ந்தேன். பரண்மேல் ஏதோ ஒலி.

"எலிதாங்க, ரெண்டு நாளா அட்டகாசம். நீங்க சாப்பிடுங்க" என்றார் காதர்.

எழுந்துவிட்டேன். "ஏணி இருக்கிறதா?"

"என்னங்க ஐயா, சோறு ஆறுது!"

"ஏறிப் பாருங்கள். எலிதானா என்று நான் பார்க்க வேண்டும்."

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் ஏணியைக் கொண்டுவந்து சார்த்தி ஏறினார். தகர டப்பாக்களை நகர்த்தினார். சுவரோரமாக ஓடியது எலிதான். கண்ணால் கண்ட பிறகே கை கழுவி இலையின் முன் அமர்ந்தேன்.