வைஜெயந்தி சந்தேகப்பட்ட கப்

வைஜெயந்தி எதையும் லேசில் நம்பமாட்டாள். தேங்காய் வாங்கினால் தான் ஆட்டிப் பார்த்தது போதாதென்று கடைக்காரரையும் ஆட்டச் சொல்லிக் காதைக் கொடுத்துக் கேட்பாள். சென்னைக் கப்பல் நாளை கிளம்பும் என்று ஷிப்பிங் ஆபீஸில் சொன்னால், துறைமுகம் வரை போய்க் கப்பல் நிற்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு வந்துதான் பெட்டி கட்டுவாள். அந்தமானின் டாலிகஞ்சில் அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் சுவர்தான். முன்னறையில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆதார் அட்டையை நகல் எடுக்க வந்தால், மெஷினுக்குள் இன்னொரு நகல் தங்கிவிடவில்லையே என்று மூடியைத் திறந்து காட்டச் சொல்வாள். வாரம் ஒருமுறையாவது எனக்கும் அவளுக்கும் வாய்ச்சண்டை வரும். மறுநாள் குழம்புக் கிண்ணத்தோடு நானேதான் போய் நிற்பேன். அவள் அதையும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாங்குவாள்.

அவளைக் குறை சொல்லியும் பயனில்லை. பிழைப்பு அப்படி. நைட்டியும் சேலையும் விற்கிறாள். வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை கப்பலேறிச் சென்னைக்குப் போய் மொத்தக் கடைகளில் சரக்கெடுத்து வருவாள். 'அந்தமானுக்குத்தானே' என்று சொல்லிச் சாயம் போன துணியை அவள் தலையில் கட்டப் பார்த்தவர்கள் நிறையப் பேர். மெயின்லேண்டில் கழித்துப் போட்டதுதான் இந்தத் தீவுகளுக்குக் கப்பலேறும் என்பது அவளுடைய கட்சி. சோப்பு சீக்கிரம் கரைந்தாலும் பல்பு சீக்கிரம் போனாலும் அவளுக்கு அதே காரணம்தான்.

எடுத்து வந்த சரக்கை இரண்டு பெரிய மூட்டையாகக் கட்டிக்கொண்டு மாதம் ஒருமுறை வடக்கே போவாள். ரங்கத், மாயாபந்தர், திக்லிபூர் என்று வீடு வீடாக விற்பாள். அங்கே வங்காளிப் பெண்களும் தெலுங்குப் பெண்களும் அவளை 'நைட்டி தீதி', அதாவது நைட்டி அக்கா என்று கூப்பிடுவார்கள். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் முகத்தில் ஒரு பெருமை வரும். கணவர் ரவிச்சந்திரன் சின்ன கான்ட்ராக்டர், பாலம் கால்வாய் என்று பாதி நாள் வெளியில் கிடப்பவர். பையன் சென்னையில் படிக்கிறான். அந்த வடக்குப் பயணம்தான் அவளுக்கென்று இருந்த உலகம்.

அதற்கு மாதாமாதம் வேட்டு வைத்தது மாதவிலக்கு. அவளுக்கு உதிரப்போக்கு அதிகம். பேட் மேல் பேட் வைத்தாலும் தாங்காது. திக்லிபூர் பஸ்ஸோ விடியுமுன் கிளம்பிப் பொழுது சாயும்போதுதான் போய்ச் சேரும். போதாக்குறைக்கு, ஜிர்காடாங்கில் வண்டிகளைக் கான்வாயாக வரிசை கட்டிப் போலீஸ் காவலோடு ஜாரவா பழங்குடிகளின் காட்டுக்குள் விடுவார்கள். உள்ளே நுழைந்துவிட்டால், வண்டிகளைப் படகிலேற்றும் பாராடாங் பெர்ரி வரும்வரை வண்டி எதற்காகவும் நிற்காது. எந்த அவசரத்துக்கும் இறங்க முடியாது. ஒருமுறை அந்தக் காட்டுக்குள் அவள் புடவையும் நனைந்து சீட்டும் நனைந்துவிட்டது. பெர்ரியில் எல்லோரும் இறங்கும்வரை உட்கார்ந்திருந்து, குடிக்க வைத்திருந்த தண்ணீரால் சீட்டைக் கழுவியிருக்கிறாள். கண்டக்டர் பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பிக்கொண்டாராம். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று என்னிடம் சொன்னாள்.

அதற்குப் பிறகு தேதி பார்த்துத்தான் டிக்கெட் எடுத்தாள். தேதி அவள் பேச்சைக் கேட்கவில்லை. போன பயணங்களைவிடப் போகாமல் விட்டவை அதிகமாயின. திக்லிபூர் பஜாரில் புதிதாக ஒரு துணிக்கடை வந்திருக்கிறது என்று வேறு சேதி வந்தது. ஒருநாள் சுவரோரம் வந்து நின்றாள்.

"வடக்க விட்டுடலாம்னு இருக்கேங்கா. மூட்டையத் தூக்குனா மூச்சு வாங்குது. இதையும் கட்டிக்கிட்டு அந்த பஸ்ஸுல என்னால முடியல."

எனக்கு அன்றைக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. வைஜெயந்தி எதையாவது விட்டுவிடுகிறேன் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் மகளிர் குழுக் கூட்டத்துக்கு வந்த சுகாதாரத் துறை ஆட்கள் மாதவிலக்குக் கப் கொடுத்தார்கள். சிலிக்கானில் செய்த சின்னக் கிண்ணம், அடியில் ஒரு காம்பு. மடித்து உள்ளே வைத்துக்கொண்டால் ரத்தம் அதில் சேரும், கொட்டிக் கழுவிவிட்டு மறுபடி வைத்துக்கொள்ளலாம், வருடக்கணக்கில் வரும் என்று விளக்கினார்கள். இலவசம் என்று கேள்விப்பட்டதாலேயே வைஜெயந்தி அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. நான் அவளுக்கும் சேர்த்து ஒன்று வாங்கி வந்தேன்.

அதை அவள் கையில் வாங்கவே ஒரு வாரம் ஆனது. எதற்கு இனாமாகக் கொடுக்கிறார்கள் என்றாள். உள்ளே காப்பர் டி மாதிரி ஏதாவது வைத்திருப்பார்களா, குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள் பிடிக்கிற வேலையா என்றாள். எனக்கு இதில் கமிஷன் உண்டா என்று நேராகவே கேட்டாள். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் பேசவில்லை. பிறகு பார்த்தால், ஒரு பழைய தட்டில் கப்பையும் உடைந்த பிளாஸ்டிக் மூடி ஒன்றையும் வைத்துக்கொண்டு என் வாசலில் நிற்கிறாள். இரண்டையும் ஒன்றாகக் கொதிக்க வைத்தாளாம். மூடி நெளிந்துவிட்டது, கப் அப்படியே இருந்தது. அந்தத் தேர்வில் கப் பாஸ் என்று ஒப்புக்கொண்டாள். ஆனால் போட்டுக்கொள்ளவில்லை. முதலில் நான் போட்டுப் பார்க்க வேண்டுமாம்.

நானும் போட்டேன். ஒவ்வொரு மாதமும் வந்து, வயிறு வலிக்கிறதா, காய்ச்சல் வந்ததா என்று என்னை மேலும் கீழும் பார்ப்பாள். சந்தைக்கு வந்த மாட்டைக்கூட யாரும் அப்படிப் பார்க்கமாட்டார்கள். நான் நன்றாகத்தான் இருந்தேன். அதுவே அவளுக்குப் பெரிய ஏமாற்றம் போலிருந்தது.

கடைசியில் ஒரு கல்யாணம்தான் அவளை மடக்கியது. திக்லிபூரில் அவளுடைய பழைய வாடிக்கை வீடு. பெண் வீட்டாருக்கெல்லாம் சேலை எடுத்து வரும்படி இவளிடம் சொல்லியிருந்தார்கள். போகாவிட்டால் பஜார் கடையில் எடுத்துக்கொள்வார்கள், அதோடு அந்தத் தெருவே கைவிட்டுப் போகும். பஸ் மறுநாள் விடியலில். முதல்நாள் மத்தியானம் அவளுக்கு வந்துவிட்டது.

கப்போடு குளியலறைக்குள் போனாள். நான் கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, எப்படி மடிக்க வேண்டும், எப்படிக் குத்துக்காலிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்து வசவுதான் வந்தது. கப்பைத் திட்டினாள், கொடுத்தவர்களைத் திட்டினாள், என்னையும் விடவில்லை. இரண்டு முறை அது வழுக்கிச் சுவரில் போய் அடித்த சத்தம் கேட்டது. பிறகு வசவு நின்றது. நான் பயந்துவிட்டேன்.

"அக்கா, காணோம்."

"எது காணோம்?"

"கப். உள்ள போயிடுச்சு. வயித்துக்குப் போயிடுச்சா?"

அங்கிருந்து வயிற்றுக்கு வழியே கிடையாது, கர்ப்பப்பை வாய் மூடித்தான் இருக்கும், மூச்சை இழுத்துவிட்டு முக்கினால் காம்பு கைக்குக் கிடைக்கும் என்றேன். கிடைத்தது. எடுத்தாள், மறுபடி வைத்தாள். வெளியே வந்து, தண்ணீருக்குள் நடப்பவளைப் போல அடி மேல் அடி வைத்துக் கூடத்தில் நடந்து பார்த்தாள். ஒன்றுமே தெரியவில்லை என்றாள், ஏதோ திருட்டு நடந்திருக்கிறது என்பது போல. நம்பிக்கை வரவில்லை. விடியலில் கிளம்பும்போது கப்புக்கு மேல் பேடும் வைத்து, அதற்கு மேல் கறுப்புப் பாவாடையும் கட்டிக்கொண்டுதான் பஸ் ஏறினாள்.

கல்யாணச் சேலை எல்லாம் விற்றுவிட்டுத் திரும்பி வந்தாள். வந்ததும் மூட்டையைக்கூட இறக்காமல் என் கடைக்குள் நுழைந்து கப்பை ஜெராக்ஸ் மெஷின் மேல் வைத்தாள்.

"டூப்ளிகேட்டுக்கா இது. பக்கா டூப்ளிகேட். பன்னெண்டு மணி நேரம் தாங்கும்னு டப்பாவுல போட்டிருக்கான். பாராடாங் வர்றதுக்குள்ள ரொம்பி வழியுது. பெர்ரிகிட்ட பாத்ரூம்ல கொட்டுனேன். ரங்கத்துக்குள்ள மறுபடி ரொம்பிருச்சு. மெயின்லேண்டுல உள்ளவங்களுக்கு ஒரு அளவு, நமக்கு ஒரு அளவு. அந்தமானுக்குத்தானேன்னு சின்னதா செஞ்சு அனுப்பியிருக்கான்."

பேடும் சேர்ந்து இருந்ததால் சீட்டு தப்பித்ததாம். மாயாபந்தரிலும் கொட்டினாளாம், திக்லிபூரில் எத்தனை தடவை என்று கணக்கே இல்லையாம். கடையில் இருந்த ஒரு காலேஜ் பெண் காதைப் பொத்திக்கொள்ளாத குறையாக ஓடிப்போனாள். எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. காலையில் வைத்தால் சாயங்காலம் எனக்குப் பாதிகூட வராது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

அவள் உதட்டைப் பார்த்தேன். நகங்களைப் பார்த்தேன். சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து தினமும் பார்க்கிற முகம்தான். நிறமாக இருக்கிறாள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அது நிறம் இல்லை, வெளிறல். கடையை அப்படியே போட்டுவிட்டு அவள் கையைப் பிடித்துச் சமையலறைக்குக் கூட்டிப் போனேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் வரமாட்டாள், கர்ப்பப்பையை எடுக்கத்தான் காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பாள். அது எனக்குத் தெரியும். அதனால் அவள் வழியிலேயே போனேன். அவள் கப்பையும் என்னுடையதையும் கழுவிக் கொதிக்க வைத்து ஆறவிட்டேன். ஒரே கூட்டத்தில் ஒரே பெட்டியிலிருந்து கொடுத்த கப்புகள். என்னுடையதில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி அவள் கையில் கொடுத்தேன்.

"ஊத்து. உன்னுதுல எவ்வளவு பிடிக்குதுன்னு நீயே பாரு."

ஊற்றினாள். கடைசிச் சொட்டு வரை பிடித்தது. நம்பாமல், அதிலிருந்து இதில் திருப்பி ஊற்றிப் பார்த்தாள். வழியவும் இல்லை, குறையவும் இல்லை. என் கப்பில் எதையாவது அடைத்து வைத்திருக்கிறேனா என்று விரலை விட்டுக்கூடப் பார்த்தாள். பிறகு இரண்டையும் மேடை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நின்றாள்.

"அப்போ கப்பு சரியாத்தான் இருக்கா" என்றாள்.

"கப்பு சரியாத்தான் இருக்கு."

முகம் கழுவிக்கொண்டு வந்து என்னோடு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ ஏறினாள். வழியெல்லாம் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்படிப் பிடிக்கிறவள் இல்லை அவள்.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா சின்ன வயது. எவ்வளவு போகிறது என்று வழக்கம்போலக் கேட்டார். பேட் கணக்குச் சொன்னால் யார் சொல்வதும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வைஜெயந்தி கப் கணக்கில் சொன்னாள், பாராடாங், ரங்கத், மாயாபந்தர் என்று ஊர் பேரோடு. டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்து வந்து அவள் கண் இமையை இழுத்துப் பார்த்தார். ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள். கர்ப்பப்பையில் கட்டிகள், பல வருடத்துக் கட்டிகள். உடம்பில் இருக்க வேண்டிய ரத்தத்தில் பாதிதான் இருக்கிறது, இதோடு எப்படி மூட்டை தூக்கினீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். கட்டிக்கு என்ன செய்வது என்று பிறகு பார்க்கலாம், இப்போது உடனே ரத்தம் ஏற்ற வேண்டும், இன்னும் ஒரு மாதம் இப்படியே விட்டிருந்தால் பஸ்ஸிலேயே மயங்கி விழுந்திருப்பார் என்றார். அந்தக் காட்டுப் பாதையை நினைத்துக்கொண்டேன்.

ஏற்றப்போகிற ரத்தம் யாருடையது, நன்றாகச் சோதித்ததுதானா, பை எப்போதையது என்று வைஜெயந்தி நர்ஸைக் கேட்டுக் குடைந்தாள். நர்ஸ் மலையாளி, பொறுமைசாலி. பையில் ஒட்டியிருந்த சீட்டை அவள் கண்முன்னாலேயே படித்துக் காட்டிவிட்டு ஊசியைக் குத்தினார். அவள் பழையபடி குடைவதைக் கேட்கக் கேட்கத்தான் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

நான் போன் செய்திருந்தேன். பாராடாங் பக்கம் வேலையில் இருந்த ரவிச்சந்திரன் மத்தியான கான்வாயைப் பிடித்து வந்துவிட்டார். சட்டையெல்லாம் சிமெண்ட். நல்ல மனுஷன்தான், சத்தம் போட்டு ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. கட்டிலருகே நின்று, தொங்கிக்கொண்டிருந்த பையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இத்தனை வருஷமா இப்படி இருந்திருக்கு. எங்கிட்ட ஏன்டி மறைச்ச?"

வைஜெயந்தி அவரையே பார்த்தாள். கோபமே இல்லை அந்தப் பார்வையில். இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"மறைக்கலைங்க. கல்யாணமான புதுசுலயே சொன்னேன். எல்லாப் பொம்பளைக்கும் உள்ளதுதானேன்னு சொன்னீங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு, அத மட்டும் நான் யாருகிட்டயும் விசாரிக்கல."

ரவிச்சந்திரன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சிமெண்ட் ஒட்டிய கையோடு அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். நான் வராந்தாவுக்கு வந்து அழுதேன்.