பருந்துக் கண்காரர்

குனிவதற்கு முன் ஒரு செருமல். பிறகு திட்டு. அதற்கப்புறம்தான் சாக்கு. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் கடற்கரையில் எந்தக் குப்பையையும் சும்மா எடுப்பதில்லை. "வா ராசா, வா! ஊரெல்லாம் சுத்திட்டு இங்க வந்து காலை நீட்டிப் படுத்திருக்கியா? எந்திரி!" என்று ஒரு ஷாம்பு பாட்டிலை அதட்டிக்கொண்டிருந்தார்.

ஞாயிறு காலையில் குப்பை பொறுக்க வரும் கும்பலுக்கு அவர்தான் தலைவர். யாரும் அமர்த்தவில்லை, குரல் பெரிதாக இருந்ததால் பதவி தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

கடையில் சுவர் கொள்ளாமல் கண்ணாடிகள். அவர் மூக்கில் மட்டும் ஒன்றும் இல்லை. மனைவி சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போனாள். "எனக்கெதுக்கு? பருந்துக் கண்ணு!" என்பார். போன மாதம் அந்தப் பருந்து, தெருவில் போன தபால்காரரை மைத்துனன் என்று கட்டிப்பிடித்து இழுத்துவந்து கூடத்தில் உட்காரவைத்தது. தபால்காரரும் நல்ல மனிதர். காப்பி குடித்து முடிக்கும்வரை மறுப்புச் சொல்லவில்லை.

புதிதாக யார் வந்தாலும் ஆமைப் பிரசங்கம் உண்டு. "தண்ணியில பை மிதந்தா ஆமைக்கு அது ஜெல்லி மீனாட்டம் தெரியும். லபக்குன்னு முழுங்கிரும். வயிறு அடைச்சு, பாவம், போயே போயிரும்." சொல்லும்போது நிஜமாகவே குரல் கம்மும்.

அன்று புதிதாக வந்தது ஒரு வங்கிக்காரப் பெண். கையுறை கொண்டுவரவில்லை. தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பிரசங்கத்தைத் தொடங்கினார். ஆமை முழுங்கும் கட்டத்தில், கணுக்காலளவு நீரில் பளபளவென்று ஒன்று மிதந்து வந்தது.

"பாத்தியாம்மா? பேசி முடிக்கல, வந்துட்டான்!" பேன்ட்டை மடித்துவிட்டு இறங்கி, வெறுங்கையால் அள்ளினார்.

"ஐயோ, பை கடிக்குது! பை கடிக்குது!"

அவர் குதித்த குதியில், அந்தப் பக்கமாய்ப் போன நாய்கூட நின்று பார்த்தது. கும்பலோடு சற்றுத் தள்ளிப் பொறுக்கிக்கொண்டிருந்த மனைவி ஓடிவந்தாள். நீரில் நழுவிப் போய்க்கொண்டிருந்தது ஒரு ஜெல்லி மீன்.

"தேய்க்காதீங்க!" என்று கையைப் பிடித்துக் கடல்நீரை மொண்டு ஊற்றினாள். ஊற்றியபடியே, "ஆமை பையை மீனுன்னு முழுங்குது. நீங்க மீனைப் பைன்னு பொறுக்குறீங்க. இதுல யாருக்கு முதல்ல கண்ணாடி போடுறது?" என்றாள். வங்கிக்காரப் பெண் சிரிப்பை அடக்கக் கையுறையோடு வாயைப் பொத்தி, அதன் நாற்றத்தில் முகம் கோணினாள்.

அவர் காதில் எதுவும் விழவில்லை. திடீரென்று தன் சாக்கைத் திரும்பிப் பார்த்தார்.

"காலையில இதே மாதிரி அஞ்சாறு எடுத்துச் சாக்குல போட்டேனே... கையுறை போட்டிருந்தேன், கடிச்சது தெரியல... உசிரு இருக்கோ என்னவோ!"

யாரும் தடுப்பதற்குள், நிரம்பி வழிந்த சாக்கைத் தூக்கி, பெருக்கிவைத்தாற்போல் இருந்த மணலில் தலைகீழாகக் கவிழ்த்தார். "ஐயய்யோ!" என்று கும்பல் அலறியது. அவர் மண்டியிட்டு, வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு, முதல் பையை இரண்டு விரலால் தூக்கி மூக்கருகே கொண்டுவந்து, தூங்கும் குழந்தைக்கு ஊதுவதுபோல் மெல்ல ஊதிப் பார்த்தார்.