விரலில் சுற்றிய பட்டத்து நூல்

நெய்வேலி பக்கம் வடக்குத்தில் மாடு வளர்க்கிறேன். சீனாவில் வேலை பார்க்கும் என் மகள், போன வருடம் என்னை அங்கே பட்டம் செய்யும் ஒரு கிராமத்துக்குக் கூட்டிப் போனாள். அங்கே மூங்கில் சீவிப் பட்டம் கட்டிய ஒரு அம்மாள், அதைப் பறக்கவிட்டு நூலை என்னிடம் தந்தார். மாட்டுக் கயிறு பிடிக்கிற பழக்கத்தில் விரலில் சுற்றிக்கொண்டேன். திடீரென்று காற்று வேகமெடுத்தது. நூல் விரலை அறுத்தது. அத்தனை பேர் நடுவில் கத்த வெட்கமாக இருந்தது.

"இன்னாம்மா முழிச்சிகினு நிக்கிற? சிரி, போட்டோ எடுக்கிறேன்" என்றாள் மகள்.

விரல் நீலமானதைப் பார்த்து அந்த அம்மாள் ஓடி வந்து நூலைக் கத்தரித்தார். பட்டம் பறந்தே போய்விட்டது.

"வாயத் தொறந்து சொல்ல மாட்டியா? வெரலு போயிருந்தா இன்னா பண்ணுவ?" என்று மகள் அழுதாள்.

இப்போது மாட்டுக் கயிற்றைக்கூடக் கையில் சுற்றுவதில்லை. வலித்தால், யார் இருந்தாலும் கத்திவிடுகிறேன். போன வாரம் ஊசி போட்ட நர்ஸே பயந்துவிட்டார்.