நாற்பத்து மூன்று பேரின் பாஸ்வேர்டு

எங்கள் குழாய் கம்பெனியில் அவளுக்கு வேலை பில் போடுவது. கம்பெனிக்கு சோஷியல் மீடியாவில் ஒரு பக்கம் ஆரம்பித்தது அவளாக இழுத்துப் போட்டுக்கொண்டது. "நம்ம குழாய் எவ்வளவு நல்லா இருக்கு, நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா சார்?" என்று முதலாளியை ஆறு மாதம் நச்சரித்துச் சம்மதம் வாங்கினாள். அன்றிலிருந்து அவள் பெயர் லைக் அக்கா. பெயர் வைத்தது நான்தான். பக்கத்து மேஜைக்காரிக்கு அந்த உரிமைகூட இல்லையா?

பாலிஷ் போடுகிறவர்கள், லாரியில் ஏற்றுகிறவர்கள் எல்லாரையும் நிற்கவைத்துப் படம் எடுத்துப் போட்டாள். "கொஞ்சம் சிரிங்கண்ணா, குழாய்கூட உங்களைவிடப் பளபளன்னு இருக்கு" என்பாள். பேக்கிங் அண்ணன் இருபது வருஷத்தில் கம்பெனிக்குள் சிரித்தது அந்த ஒரு படத்தில்தான்.

பிறகு மேனேஜருக்கு ஆசை வந்தது. எல்லாரும் தினமும் லைக் போட்டே ஆக வேண்டும் என்றார். எங்களுக்கு ஏது பொறுமை? "பாஸ்வேர்டு உங்கிட்டயே இருக்கட்டும், நீயே போட்டுடும்மா" என்று ஆளாளுக்கு அவள் தலையில் கட்டினோம். நாற்பத்து மூன்று பேர். அத்தனையையும் ஒரு நோட்டில் எழுதிவைத்து, காலையில் எங்கள் எல்லார் பெயரிலும் லைக் போட்டுவிட்டுத்தான் பில்லைத் தொடுவாள். அதை உதவி என்றே நினைத்தோம். அவளும் அப்படித்தான் நினைத்தாள், பாவி.

போன மாதம், எட்டு மணி நேர ஷிஃப்ட் இனிப் பன்னிரண்டு என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். முடியாது என்று எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். அவளும் போட்டாள். மறுநாள் மேனேஜர் அவளை அறைக்குக் கூப்பிட்டார். எனக்கு எல்லாம் காதில் விழுந்தது.

"புது ஷிஃப்ட்ல எங்களுக்குச் சந்தோஷம்னு எல்லாரும் நம்ம பக்கத்துல எழுதணும்."

"எழுத மாட்டாங்க சார்."

"அவங்க எதுக்கு? நோட்டு உங்ககிட்டதானே இருக்கு? இத்தனை நாள் அடுத்தவங்க பேர்ல லைக் போட்டது யாருன்னு முதலாளிக்குத் தெரிஞ்சா, உங்களுக்கு வேலை இருக்குமா?"

வெளிறிப்போய் வந்து உட்கார்ந்தாள். அவள் வீட்டில் வேலைக்குப் போவது அவள் ஒருத்திதான். 'நோட்டைக் கிழிச்சுப் போடுடி' என்று நான் சொல்லியிருக்க வேண்டும். எனக்கும் பயம். கம்ப்யூட்டரையே முறைத்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானத்துக்குள் எழுதி முடித்துவிட்டாள். என் பெயரில் வந்ததைத் திறந்து பார்த்தேன். அச்சு அசல் நான் பேசுவதுபோல இருந்தது. எங்களோடு பழகிப் பழகி ஒவ்வொருவர் பேச்சும் அவளுக்கு அத்துப்படி. எனக்கு ஆத்திரம் வந்தது. அவள் மேலா, என் மேலா என்று தெரியவில்லை.

மறுநாள் காலை பேக்கிங் அண்ணன் போனும் கையுமாக வந்தார்.

"என் பொண்டாட்டி படிச்சுட்டாம்மா. 'பன்னிரண்டு மணி நேரம் அங்க இருக்கறதுதான் உங்களுக்குச் சந்தோஷமா'ன்னு ராத்திரியெல்லாம் ஒரே அழுகை. நான் எழுதலன்னா நம்பல. 'நீங்க பேசற மாதிரியேதான இருக்கு'ங்கறா. லைன்லதான் இருக்கா. நான் எழுதலன்னு நீ ஒரு வார்த்தை சொல்லிடும்மா."

மேனேஜர் தண்ணீர் பாட்டிலோடு வாசலில் நின்றிருந்தார். லைக் அக்கா அவரைப் பார்த்தாள். பிறகு போனை வாங்கிக் காதில் வைத்தாள்.

"அண்ணன்தான் எழுதினாரு அண்ணி" என்றாள்.