வரப்போகும் நோய்க்கு விடுப்பு

மருத்துவச் சான்றோடு வரும் விடுப்பு விண்ணப்பத்தைத் தாமதமின்றி முடிவு செய்ய வேண்டும் என்பது விதி. சர்க்கார் வேலையில் இருந்த காலமெல்லாம் அதை மற்றவர்களுக்குப் படித்துக் காட்டியவன் நான். படுத்த பிறகுதான் கேட்க வேண்டும் என்று அதில் ஒரு வரியும் இல்லை.

என் மகள் சித்தூர்ப் பக்கம் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. அவளுக்கு இருமுனை மனநோய். மாசிக் கடைசியில் வெயில் ஏறினால் தூக்கம் குறையும், பேச்சு கூடும். மழைக்காலத்தில் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாள். எல்லோருக்கும் இப்படிப் பருவம் பார்த்து வராது, இவளுக்கு வருகிறது என்றார் டாக்டர். மாசி, பங்குனி இரண்டு மாதமும் ஓய்வு வேண்டும் என்று சான்றும் தந்தார்.

தை மாதமே விண்ணப்பித்தாள். இப்போதே என்ன அவசரம் என்று கேட்டேன்.

"இப்பத்தானுங்கப்பா கேக்க முடியும். பங்குனியில எனக்குச் சீக்குன்னு நானே ஒத்துக்க மாட்டேன்."

விண்ணப்பம் என்ன ஆயிற்று என்று அவள் அலுவலகத்துக்கே போனேன். பிரிவு எழுத்தர் எனக்கு நாற்காலி போட்டு, மரியாதையாகவே கேட்டார்: "ஏனுங்க சார், வரப்போற சீக்குக்கு இப்பவே லீவா? உங்க பொண்ணு சோசியம் பாக்குதுங்களா?" கோப்பு மேலே போயிருக்கிறதாம். மேலே போனவை எங்கே தங்கும் என்பது எனக்குத் தெரியும்.

பங்குனியில் அவள் தேங்கிக் கிடந்த வேலையை எல்லாம் ஒரே மூச்சில் முடித்தாள். தூங்குவதில்லை என்று அதிகாரியிடம் போய்ச் சொன்னேன். இப்படி நாலு பேர் தூங்காமல் இருந்தால் ஆபீஸ் உருப்படும் என்று அவர் சிரித்தார். அந்த வாரமே, இந்த அலுவலகம் தன் திறமைக்குப் போதாது என்று ராஜினாமா எழுதிக் கொடுத்தாள். அது மட்டும் எங்கும் தேங்கவில்லை. அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, அதை ஏற்றுக்கொண்ட உத்தரவு வீட்டுக்கு வந்தது.

ராஜினாமாவைத் திரும்பப் பெற மனுப் போட்டோம். எழுதிய அன்று நோயில் இருந்ததற்கு அலுவலகப் பதிவில் ஆதாரம் உண்டா என்று கேட்டார்கள். பதிவின்படி அவள் பாராட்டு வாங்கிய ஊழியர்.

தென்மேற்குப் பருவமழை பிடித்தது. அவள் படுத்துவிட்டாள். என் மனைவி கஞ்சியைப் பக்கத்தில் வைப்பதும் ஆறியதை எடுத்துப் போவதுமாக இருந்தாள். அப்போதுதான் தை மாத விண்ணப்பத்துக்குப் பதில் வந்தது. மாசி, பங்குனி இரண்டு மாதத்துக்கும் மருத்துவ விடுப்பு அனுமதி. ஆக, ராஜினாமா எழுதிய அன்று அவள் விடுப்பில் இருந்த நோயாளி. இதற்கு மேல் ஆதாரம் வேண்டாம் என்று அவளிடம் படித்துக் காட்டினேன்.

"அப்ப நான் வேலைக்கே போகலீங்களாப்பா?" என்றாள், திரும்பாமல்.

நகலை மனுவோடு சேர்த்து அனுப்பினேன். அனுமதி வந்த உறையின் மேல், பெற்ற நாள் என்று எழுதி வைத்தேன்: ஆடி முதல் தேதி.